பிரித்துப் போட்ட பெயர்

ஜனவரி 9

அம்மாவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். உன் நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ பதில் சொல்லப்போவதில்லை. அதனால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

போனில் உன்னோடு பேசி எனக்கு அலுத்துவிட்டது. நான் பேசுகிறேன், நீ 'ம்' என்கிறாய். 'சாப்டியாம்மா?' 'ம்.' 'அங்க குளிருதா?' 'ம்.' 'எப்பம்மா வருவ?' அதற்கு அந்த 'ம்' கூட இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாம் மாறி மாறி மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். கடிதத்தில் 'ம்' என்று எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப உனக்கே கூச்சமாக இருக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

அத்தை வாரம் தவறாமல் கேட்கிறாள்.

'உங்கம்மா அங்க என்னதான் பண்றா?'

'அச்சடிக்கக் கத்துக்கறாங்க அத்தை. கையால புத்தகம் கட்டவும்.'

'இந்த வயசுலயா? கம்ப்யூட்டர்லயா?'

'கம்ப்யூட்டர் இல்ல அத்தை. ஈய எழுத்த ஒண்ணொண்ணா பொறுக்கி அடுக்கி, கால்ல மிதிச்சு ஓட்டற மெஷின்ல.'

அத்தை மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, 'டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, என்னவோ தப்பு செய்தவள் போல அப்பா பக்கம் திரும்பினேன். அவர் கவனிக்கவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கம் திருப்புகிற சத்தமே வருவதில்லை.

தம்பியை லாரி அடித்துப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் இந்த வீட்டில் மூன்று பேர் பேசாமல் இருந்தோம். நீ போன பிறகு இரண்டு பேர் பேசாமல் இருக்கிறோம். நீ இல்லாததால் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அப்படிக்கூட இல்லை அம்மா. முன்னால் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்கிறது.

நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் ஊரார் மூக்கில் ஃபிரேமை மாட்டி, 'இப்ப தெளிவா தெரியுதா சார்?' என்று கேட்கிறேன். வீட்டுக்கு வந்து சமைக்கிறேன். உப்பு போட மறந்தாலும் அப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். ஒரு தடவை தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினால் என்ன?

எதற்காகப் போனாய் என்று கேட்கவில்லை. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கிறேன்.

உன் மகள்


ஜனவரி 17

பெரியவளே,

கடிதம் கிடைத்தது. 'ம்' என்று மட்டும் எழுதி அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஸ்டாம்பு வீணாகும்.

எப்போது வருவேன் என்று எனக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. ஒரு காலத்தில் கார் நிறுத்திய ஷெட். முன்னால் ஷட்டர், பின்னால் ஒரே ஜன்னல். ஜன்னலோரம் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மெஷின். சுவரை ஒட்டிச் சாய்வாக நிற்கும் மர கேஸ்கள். ஒவ்வொரு கேஸிலும் சின்னச் சின்ன அறைகள், ஓர் அறைக்கு ஓர் எழுத்து, ஈயத்தில், குவியலாக. இன்னொரு மூலையில் புத்தகம் கட்டுகிற மேஜை. குத்தூசி, மெழுகு தேய்த்த நூல், பசைக் கிண்ணம், தாளை மடித்துத் தேய்க்க வழவழவென்று ஓர் எலும்புப் பட்டை. என் அறை இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல்கடை மாடியில். காலையில் கீழே தையல் மெஷின் ஓட ஆரம்பித்தால் நான் எழுந்து கிளம்புகிறேன்.

சொல்லிக்கொடுக்கிறவளுக்கு உன் வயதுதான் இருக்கும். வந்த அன்று என்னை 'அம்மா' என்று கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து 'மேடம்' என்கிறாள். நான் அவளை 'டீச்சர்' என்கிறேன். மேடம் போட்டுத் திட்டுகிற டீச்சர். 'மேடம், உங்க கண்ணு எங்க இருக்கு? இது மூணு சுழி, அது ரெண்டு சுழி!'

கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்தவள் நான். ஜட்ஜ் வாயைத் திறப்பதற்கு முன்னால் பாதித் தீர்ப்பு அடித்து வைத்திருப்பேன் என்று குமாஸ்தாக்கள் கேலி செய்வார்கள். இங்கே அந்த வேகத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கிறது. அதையும் தலைகீழாக அடுக்க வேண்டும். 'கொ' வேண்டுமென்றால் முதலில் ஒரு கொம்பைத் தேடு, பிறகு ஒரு க, பிறகு ஒரு கால்.

வந்த புதிதில் அடுக்கவே விடவில்லை. அச்சடித்து முடித்த பக்கத்தைக் கலைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். இங்கே அதைப் 'பிரித்துப் போடுவது' என்கிறார்கள். இரண்டு மாதம் அது மட்டும்தான். டீச்சருக்கே ஆச்சரியம். 'எல்லாரும் ஒரு வாரத்துல ஓடிடுவாங்க மேடம். உங்களுக்குச் சலிக்கலையா?' சலிக்கவில்லை. பிடித்திருந்தது என்றும் சொல்ல மாட்டேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல, எனக்கு மொத்த உடம்பும் அப்படித்தான் இருக்கிறது. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் அதற்குள் எங்கேயோ இருக்கும்.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். அழுகிறேனா என்று நீ பார்த்தாய். ஏன் அழவில்லை என்று அத்தை பார்த்தாள். அப்பா, பார்க்காமல் இருக்கப் பார்த்தார். இங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. விரலைத்தான் பார்க்கிறார்கள்.

அம்மா


பிப்ரவரி 2

அம்மா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மடிப்பு மாறியிருந்தது. அப்பா படித்திருக்கிறார்.

நான் உன் முகத்தைப் பார்த்தது குற்றமா? வேறு எங்கே பார்ப்பேன்? எனக்கும்தான் இந்த வீட்டை விட்டு எங்கேயாவது போய், ஏதாவது ஒரு ஷெட்டில் உட்கார்ந்து, எதையாவது பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது. நீ முந்திக்கொண்டாய். இரண்டு பேரும் போனால் அப்பாவை யார் பார்ப்பது? நீ போனதால்தான் நான் இருக்கிறேன். இதை நீ ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தாயா?

சரி. நான் எழுத வந்தது வேறு. பல்லிக்குக் கல்யாணம்.

ஆமாம், நம் பல்லிதான். என் பள்ளிக்கூடத்துத் தோழியாக வீட்டுக்குள் வந்தவள். பல் டாக்டருக்குப் படிக்கிறாள் என்பதற்காகத் தம்பி வைத்த பெயரில் கடைசியில் அவள் அம்மாவே 'எங்க பல்லி அங்க வந்தாளா?' என்று போன் செய்வாரே, அவளேதான். தம்பிக்கும் அவளுக்கும் நாள் குறித்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்க இருந்த அந்த வாரத்தை நீ மறந்திருக்க மாட்டாய்.

சனிக்கிழமை நான் கடையில் இருந்தபோது வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா தானாகவே வாயைத் திறந்தார்.

'பல்லி வந்திருந்தா.'

'எதுக்கு?'

'கல்யாணம்னு சொல்ல.'

'யாருக்கு?'

'அவளுக்குத்தான்.'

'நீங்க என்ன சொன்னீங்க?'

'நல்லதும்மான்னு சொன்னேன். காபி போட்டுக் குடுத்தேன். சர்க்கரை எங்க இருக்குன்னு அவதான் எடுத்துக் குடுத்தா.'

எத்தனையோ மாதங்களில் அப்பா இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. பேசியது இதைப் பற்றி.

சனிக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. ஒன்றரை வருஷம் அம்மா. பல்லுக்குக் கம்பி கட்டி நேராக்கவே சில பேருக்கு ஒரு வருஷம் எடுப்பாள்.

மகள்


பிப்ரவரி 12

பெரியவளே,

பல்லி இங்கேயும் வந்தாள். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். பறவை பார்க்கிற சங்கம் ஒன்றுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் மடித்த தாள்களைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கால்கள், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றன. கால்களைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

'உள்ள வா' என்றேன்.

குனிந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். என் கையில் இருந்த மையையும் பசையையும் பார்த்தாள்.

'அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.'

'தெரியும். வீட்டுலேருந்து லெட்டர் வந்துச்சு.'

நான் தைப்பதை நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் நூல் தளர்ந்துவிடும். கடைசி மடிப்பு வரை தைத்து முடிச்சுப் போட்டேன். அவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுடைய கிளினிக்கில் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதுபோல.

'என் மேல கோவமாம்மா?'

பொய் சொல்லக் கூடாது என்று உண்மையிலேயே உள்ளே தேடிப் பார்த்தேன். கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை.

'இல்ல.'

'திட்டிடுங்கம்மா. நல்லா திட்டிடுங்க. நீங்க இப்படி இருக்கறதுக்கு அது தேவலாம்.'

'கார்டு அடிச்சாச்சா?' என்று கேட்டேன்.

'என்னம்மா?'

'பத்திரிகை. அடிக்கக் குடுத்தாச்சா?'

'இன்னும் இல்ல.'

'நான் அடிக்கறேன்.'

அப்போதுதான் அழுதாள். முந்தானையோ கைக்குட்டையோ எதுவும் தேடாமல், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு. டீச்சர் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பசியில்லாதவள் பந்தியில் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கையெல்லாம் பசை. அதனால் தட்டவில்லை.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாராம். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாளாம்.

அடித்துத் தருகிறேன் என்று ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்பாய். இப்போது எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். அவள் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டாள். அதை மட்டும் நான் தடுக்கவில்லை.

அம்மா


பிப்ரவரி 15

அம்மா,

உனக்குக் கோபம் இல்லையென்றால், இருக்கிறவர்களிடம் கேட்டு வாங்கியிருக்கலாம். என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

அவள் பெயருக்குக் கீழே யார் பெயர் வந்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில் யாரோ ஒருத்தன் பெயரை உன் கையாலேயே பொறுக்கி அடுக்கப்போகிறாய். உலகத்தில் வேறு அச்சாபீஸே இல்லையா? தெருவுக்குத் தெரு இருக்கிறதே, மூன்று மணி நேரத்தில் பளபளவென்று அடித்துக் கொடுக்கிறார்களே.

தம்பி போனான். அன்றைக்கே என் தோழியும் போய்விட்டாள். என்னைப் பார்த்தால் அவளுக்கு அவன் ஞாபகம், அவளைப் பார்த்தால் எனக்கு. அதனால் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளாமல் இருந்தோம். அப்புறம் நீ போனாய். இப்போது நீயும் அவளும் அங்கே சேர்ந்து உட்கார்ந்து, கார்டு எந்தக் கலரில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பார்க்கிறீர்கள். நான் இங்கே அப்பாவின் மாத்திரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

இனி நான் எழுத மாட்டேன். நீயும் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதே.


மார்ச் 3

பெரியவளே,

எழுத மாட்டேன் என்றாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

கார்டு வேலையை நேற்று ஆரம்பித்தேன். பல்லியின் நிஜப் பெயரை முதலில் அடுக்கினேன். எத்தனை வருஷம் பல்லி, பல்லி என்றே கூப்பிட்டுவிட்டோம். எழுத்துக் கூட்டி வைக்கும்போது யாரோ புதிதாக அறிமுகமான பெண்ணின் பெயர்போல இருந்தது. அடுத்த வரி மாப்பிள்ளையின் பெயர்.

அந்தப் பெயரும் தம்பியின் பெயரும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கின்றன. பல்லி எழுதிக் கொடுத்த தாளை வாங்கும்போதே பார்த்திருந்தேன். அதனால் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். முதல் எழுத்தை எடுத்து வைத்தேன். மீதியை எடுத்தது நான் இல்லை. கோர்ட்டில் கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக இருந்தே பழகியவள் அல்லவா, கை பாட்டுக்கு எடுத்தது. நான் ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தை முடித்து, இறுக்கி, மை தடவி, பிழை பார்க்க ஒரு ப்ரூஃப் எடுத்தோம். ஒரு கையில் ப்ரூஃபையும் இன்னொரு கையில் பல்லியின் தாளையும் வைத்துக்கொண்டு டீச்சர் வரி வரியாக ஒப்பிட்டாள்.

'மேடம், மாப்பிள்ளை பேரு இது இல்லையே.'

'என்ன போட்டிருக்கு?'

வாசித்தாள்.

அவன் போன பிறகு அந்தப் பெயரை யாரும் என் எதிரில் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீங்கள் 'தம்பி' என்பீர்கள், இல்லையென்றால் 'அவன்' என்பீர்கள். அத்தை 'நம்ம புள்ள' என்பாள். இவள் ஒரு பிழையை வாசிப்பதுபோல, நிதானமாக, ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள்.

'யாரு மேடம் இது?'

'என் பையன்.'

'ஊர்ல இருக்காரா?'

'இல்ல.'

டீச்சர் என்னையே பார்த்தாள். பிறகு என் விரலைப் பார்த்தாள். கெட்டிக்காரி, அதற்கு மேல் கேட்கவில்லை. 'நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. நான் மாத்தி வைக்கறேன்' என்றாள்.

'வேண்டாம் டீச்சர். அடுக்கினவதான் பிரிக்கணும்.'

ப்ரூஃபைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவள் பெயர், கீழே அவன் பெயர். பத்திரிகை அடிக்கும் வரைக்கும் போகவில்லை என்பதால் அந்த இரண்டையும் சேர்த்து அச்சில் நான் பார்த்ததே இல்லை. இடைவெளி சரியாக இருந்தது. வரி ஆடாமல் நேராக இருந்தது. இதுவரை நான் அடுக்கியதில் அதுதான் நல்ல வரி.

பிறகு கேஸ் முன்னால் நின்று பிரித்தேன். முதல் எழுத்தை எடுக்கவில்லை. அது மாப்பிள்ளைக்கும் வேண்டும் என்பதால் அப்படியே நின்றது. மற்றவை ஒவ்வொன்றாக அதனதன் அறைக்குப் போயின. பெரிய சத்தமெல்லாம் இல்லை. அரிசியில் பொறுக்கிய கல்லைத் தட்டில் போடுவதுபோல ஒரு சத்தம். கடைசி எழுத்து புள்ளி வைத்தது. போட்ட பிறகு எது அவன் பெயரில் இருந்தது என்று குனிந்து தேடினேன். அந்த அறையில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கண்டுபிடிக்க முடியவில்லை.

அழுதாயா என்று கேட்பாய். இல்லை. மாப்பிள்ளையின் பெயரை அடுக்கினேன். இந்தத் தடவை ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எடுத்தேன்.

அம்மா


மார்ச் 10

அம்மா,

எழுத மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். இதைக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே.

அந்த ப்ரூஃப் எங்கே? எனக்கு வேண்டும். அனுப்பு.

உன் கடிதத்தை மேஜையில் வைக்காமல் நேராக அப்பா கையிலேயே கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னார். யாரையும் கூப்பிடுவதுபோல அல்ல. கடையில் ஒரு சாமானின் பெயரைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்போமே, அப்படி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

'ரெண்டு பேரும் ஒரே கார்டுல இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும், இல்ல?' என்றார்.

'ஆமாப்பா' என்றேன்.




மார்ச் 19

பெரியவளே,

நீ கேட்ட ப்ரூஃபைக் குப்பைக் கூடையில் தேடினேன். மேஜைக்கு அடியில், தாள் கட்டுகளுக்கு நடுவில் எல்லாம் தேடினேன். டீச்சரிடம் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

'ஐயோ மேடம், அது பேக்கிங்ல போயிடுச்சு.'

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ட்ரெடிலில் கார்டு வந்து உட்காரும் தட்டின் மேல் சில தாள்களை மெத்தைபோல வைத்து, அதற்கு மேலே ஒரு கெட்டித் தாளை இழுத்துப் பூட்டுவோம். அந்த மெத்தை இருந்தால்தான் எழுத்து கார்டில் நன்றாக அழுந்திப் பள்ளம் விழும். மெத்தைக்கு யாரும் புதுத் தாள் போடுவதில்லை, கழித்த ப்ரூஃப்களைத்தான் போடுவோம். அன்றைக்கு டீச்சர் கைக்கு அகப்பட்டது அது. கார்டுகளை மிதித்து அடித்தது நான்தான். அவ்வளவு கார்டும் அதன் மேல்தான் அழுந்தியிருக்கிறது. எனக்குத் தெரியாது.

பூட்டைத் திறந்து மேல்தாளைத் தூக்கிக் காட்டினாள். இருந்தது. அவன் பெயர் கறுப்பு மையில். அதன் மேல் கொஞ்சம் விலகி, மையே இல்லாமல், வெறும் பள்ளமாக மாப்பிள்ளையின் பெயர். கண்ணால் பார்த்தால் தெரியவில்லை. விரலால் தடவினால்தான் தெரிந்தது.

'எடுத்துத் தரட்டுமா மேடம்? வேற தாள் மாத்திக்கலாம்.' இதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

உனக்காக எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். எடுக்கவில்லை. 'இருக்கட்டும்' என்றேன். மேல்தாளை நானே இழுத்துப் பூட்டினேன். இன்றைக்கு ஒரு மருந்துக்கடையின் கவர் அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மேல் உனக்கு இருக்கிற கோபத்தில் இதையும் சேர்த்துக்கொள்.

அதைப் பூட்டிய அன்று இரவு அறைக்குப் போய்ப் படுத்தேன். கீழே தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது காதில் விழவே இல்லை. டீச்சர் வந்து கதவைத் தட்டியபோது மறுநாள் மத்தியானம் ஆகியிருந்தது. ஒன்றரை வருஷமாக எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை. எழுந்து உட்கார்ந்தபோது பசித்தது. டீச்சர் வாங்கி வந்திருந்த ரொட்டி முழுவதையும் நானே சாப்பிட்டேன். அவள் பங்கையும்தான்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பல்லியிடம் சொல்லிவிட்டேன். நான் வந்தால் மண்டபம் முழுக்க என் முகத்தைத்தான் பார்க்கும். அன்றைக்கு எல்லோரும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் கார்டைத் தனியாக அனுப்புகிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். ஒன்று மட்டும் செய். கார்டைக் கையில் வாங்கியதும் உடனே படிக்காதே. முதலில் விரலை வைத்துப் பார்.

அம்மா


ஏப்ரல் 6

அம்மா,

கல்யாணத்துக்குப் போனோம்.

நான் போவதாக இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் அப்பா குளித்து, சட்டை மாற்றி, கார்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்.

'எங்கப்பா கெளம்பிட்டீங்க?'

'கல்யாணத்துக்கு.'

'நான் வரலைப்பா.'

'சரி. எனக்கு வழி தெரியாது. ஒரு ஆட்டோ மட்டும் புடிச்சு விடு.'

ஊரையெல்லாம் சங்கிலி போட்டு அளந்த சர்வேயருக்கு நாலு தெரு தள்ளியிருக்கிற மண்டபத்துக்கு வழி தெரியாதாம். கூடப் போனேன். ஆட்டோவில் கார்டை அவர் என்னிடம் தரவில்லை. கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார்.

எங்களைப் பார்த்ததும் பல்லி மேடையிலிருந்து இறங்கிவிட்டாள். போட்டோகிராபர் 'மேடம், மேடம்' என்று பின்னாலேயே ஓடி வந்தான். அழ வேண்டும், அல்லது நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும், இரண்டில் ஒன்று என்று தயாராகத்தான் போயிருந்தேன். இரண்டும் வரவில்லை. அவள் நெற்றியோரம் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

'பல்லி, யாருடி உனக்கு மேக்கப் போட்டது?' என்று விரலால் துடைத்துவிட்டேன்.

'எங்க சித்தி பொண்ணு. ரொம்ப கேவலமா இருக்கா?'

'இருக்கு. இரு.'

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார். 'பல்லியா?' என்றார். அவள் அவரைப் பார்த்து, 'அது ஒருத்தர் வெச்ச பேரு' என்றாள். அவர் தலையாட்டினார். யார் என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கிறது. பாவம், நல்லவராகத்தான் இருக்கிறார். வெறுக்கலாம் என்று பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை.

ப்ரூஃபை அனுப்பாதது எனக்கு இன்னும் கோபம்தான். அடுத்த மாதம் நானே வந்து பூட்டைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன். அப்பாவும் வருகிறாராம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன். உன் தையல்கடை மாடியில் மூன்று பேர் படுக்க இடம் இருக்குமா என்று பார்த்து வை. அப்பாவை உன்னிடம் விட்டுவிட்டு நான் மட்டும் தனியாக ஊர் திரும்பினாலும் திரும்புவேன். அதைப் பற்றி நேரில் பேசலாம். 'ம்' என்று மட்டும் சொல்லாதே.

வாசலில் நடந்ததை எழுதாமலே விட்டுவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

கோட்டு போட்ட ஒருவர் வாசலில் நின்று, வருகிறவர்களைப் பிரித்துப் பிரித்து உட்கார அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டு, 'வாங்க, வாங்க. நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?' என்று கேட்டார்.

நான் நின்றுவிட்டேன். நாம் எந்த வீடு அம்மா? ஒரு காலத்தில் யாராவது கேட்டிருந்தால், கேட்டு முடிக்கும் முன்னாலேயே பெருமையாகச் சொல்லியிருப்பேன். பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். 'சும்மா, தெரிஞ்சவங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்பா என்னைத் தாண்டி முன்னால் வந்தார். இரண்டு வரிசையும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு குரல். அந்தக் குரல் அவரிடம் இன்னும் இருப்பதே எனக்குத் தெரியாது.

'பொண்ணு வீடு' என்றார்.

'அப்படின்னா முன்னாடி வாங்க சார், முன்னாடி வாங்க' என்று அந்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்து முதல் வரிசைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

மகள்